11 மாதத்தில் நான்கு ஆல்டர்னேட்டர்: ஒரு பழைய டீசல் காரின் நிகழ்வு ஆய்வு

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை, பேச்சுவழக்கில் டைனமோவை, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து வண்டி ஓனர் என் மேசைமேல் வைத்தார். முடிச்சை அவிழ்க்கும் முன்பே பையின் அடிமூலையில் ஒரு ஸ்பூன் அளவுக்குக் கறுப்பு எண்ணெய் தேங்கி நின்றது தெரிந்தது.

"கடையில கிளெய்ம் கிடையாதுன்னுட்டாங்க தம்பி. உள்ளார ஆயில் புகுந்திருக்குதாம். இது நாலாவது டைனமோங்க" என்றார்.

அந்த நாலாவதை மாட்டிக் கொடுத்தவன் நான்தான். மாட்டிய அன்று, "இனி இதுக்காக நீங்க இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லைங்க" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டரை மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

வண்டி 2005 மாடல் டீசல் ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஆல்டர்னேட்டரின் முதுகில், பிரேக்குக்காகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை வைத்துக் கட்டிய எந்தப் பழைய டீசல் வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தும். ஓனர் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தாளவாடியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வாரம் ஒருமுறை சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குவார். வண்டியை நன்றாகப் பராமரிப்பவர். ஒவ்வொரு பில்லையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைத்திருப்பார். கணக்கர் புத்தி. கடைசியில் இந்தக் கேஸைத் தீர்த்து வைத்ததில் அந்த ஃபைலுக்குப் பாதிப் பங்கு உண்டு.

அதுவரை நடந்தது

வண்டியோடு வந்த முதல் ஆல்டர்னேட்டர் 2023 ஏப்ரலில் நின்றது. அப்போது 1,78,000 கி.மீ. ஓடியிருந்தது. 18 வருஷம் உழைத்த சாமானுக்கு, உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு பட்டறையில் பழசைக் கொடுத்துவிட்டு 4,500 ரூபாய்க்கு ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டினார்கள். அது ஆகஸ்டில் போனது.

அந்தப் பட்டறையில் சொன்ன காரணம் "லோடு ஜாஸ்தி". மகன் டிக்கியில் ஒரு வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்தார். அதைக் கழற்றச் சொன்னார்கள். வீட்டில் அதற்கு ஒரு பெரிய சண்டை. கழற்றியாயிற்று. கடையில் புதிதாக ஒன்று வாங்கினார், 9,800 ரூபாய், ஒரு வருஷ கேரண்டி. அது டிசம்பரில் போனது. கேரண்டி கார்டைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் இன்னொன்று கொடுத்துவிட்டார்கள். செத்ததை அப்படியே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆல்டர்னேட்டர் செத்திருக்கிறது, ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பழசைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி, கேரண்டியில் கொடுத்தால் புதுசு. எப்படிக் கொடுத்தாலும் பிணம் கைவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் தொழிலில் இந்த எக்ஸ்சேஞ்ச் பழக்கம் வாடிக்கையாளருக்கு லாபம் மாதிரித்தான் தெரியும். காரணம் தேடுகிறவனுக்கு அது பெரிய நஷ்டம்.

நான் செய்த முதல் தப்பு

2024 ஜனவரியில் பெட்டி பிரிக்காத நாலாவதோடு என்னிடம் வந்தார். "மாட்டறது பெரிசில்லீங்க, ஏன் போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான் அவர் கேட்டது.

பழையதின் முதுகிலிருந்து வேக்குவம் பம்பைக் கழற்றியே கடைக்குக் கொடுத்திருந்தார்கள். அதே பம்பைப் புதியதில் மாட்டினேன். பெல்ட் புதுசு, இழுவை சரி. பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட். ஹெட்லைட், ஏ.சி. புளோயர், ரேடியேட்டர் ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தால் 34 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் 65 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. ஐடிலிங்கில் அதில் பாதிதான் கிடைக்கும் என்றாலும், ஓட்டத்தில் தாராளமாகத் தாங்கும். ஆக, டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் நிரபராதி.

அடுத்து வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது. ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் வரை 0.15 வோல்ட், அது பரவாயில்லை. ஆல்டர்னேட்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.7 வோல்ட். இந்த இடத்தில் 0.2-ஐத் தாண்டவே கூடாது. எர்த் பட்டையைக் கழற்றினேன். பின்னல் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் நெருடினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஆள் அகப்பட்டுவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். 16 சதுர மி.மீ. கேபிளில் புது எர்த் அடித்தேன். டிராப் 0.06-க்கு இறங்கியது. பேட்டரியில் 13.3 காட்டியது 14.1 ஆனது. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி ரிப்பிள், அதாவது டி.சி.யில் கலந்து வரும் ஏ.சி. அலை, பார்த்தேன், 0.04. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டையோடுகள் சுத்தம். அப்போது சொன்னதுதான் அந்த "இனி வர வேண்டியதே இல்லைங்க".

எர்த் கெட்டிருந்தது உண்மை, மாற்ற வேண்டியதும் உண்மை. ஆனால் கெட்ட எர்த் ஆல்டர்னேட்டரைக் கொல்லாது. பேட்டரியைப் பட்டினி போடும், அவ்வளவுதான். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் பாடிக்கும் பி பிளஸ்ஸுக்கும் நடுவில் 14 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வழியில் தொலைந்த 0.7 அதன் கண்ணில் படாது. இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். ஒரு குறை கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச்சில் பிரித்தது

மார்ச்சில் வண்டி நின்றபோது மீட்டர் போர்டில் சார்ஜ் லைட் எரியவே இல்லை என்றார். லைட் எரியாததால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். "சாவி போட்டதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியாவது எரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இல்லீங்க, அப்பவும் எரியல" என்றார்.

இது நல்ல துப்பு. இந்த மாதிரிப் பழைய வகையில் சாவி போட்டதும் பேட்டரி கரண்ட் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போய், பிரஷ், அது உரசும் ஸ்லிப் ரிங், சுழலும் பாகமான ரோட்டாரின் காயில் என்று சுற்றி எர்த்துக்கு வரும். ரோட்டாருக்கு முதல் காந்தம் அங்கிருந்துதான் கிடைக்கும். பல்பு ஃபியூஸ் ஆகாமலேயே எரியவில்லை என்றால், அந்தச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. கடைக்குக் கழற்றிக் கொடுக்கும் முன் சாவியைப் போட்டு, புல்லி நட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை நீட்டிப் பார்த்தேன். நல்ல ரோட்டார் என்றால் நுனியை வெடுக்கென்று இழுக்கும். இது இழுக்கவே இல்லை.

கடை கைவிரித்துத் திரும்பி வந்த அந்தப் பையைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. பின் மூடியைத் திறந்ததும் கருகிய எண்ணெய் நாற்றம். ஸ்லிப் ரிங் இரண்டும் கண்ணுக்கே தெரியவில்லை. கார்பன் தூளும் இன்ஜின் ஆயிலும் குழைந்து, கண் மை மாதிரி ஒரு பசை அவற்றின்மேல் அப்பியிருந்தது. பிரஷ் இரண்டும் அந்தப் பசையில் சிக்கி, கூட்டுக்குள்ளேயே ஒட்டி நின்றன. ஸ்பிரிங் தள்ளியும் வெளியே வரவில்லை. நீளம் என்னவோ புதுசு மாதிரியேதான் இருந்தது. பிரஷ் வழியாக ரோட்டாரை அளந்தால் 38 ஓம், அதுவும் நிற்காமல் ஏறி இறங்கியது. ரிங்கைத் துடைத்துவிட்டு நேரடியாக அளந்தால் 2.9 ஓம். அதாவது ரோட்டார் நல்லது, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயில் நல்லது, ரெகுலேட்டரும் நல்லது. எண்ணெயில் முங்கி மூச்சடைத்துப் போயிருக்கிறது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பமே இல்லை. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி திராட்டில் வால்வு கிடையாது. அதனால், மிதிப்பதற்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அதை ஆல்டர்னேட்டர் ஷாஃப்டின் பின்முனையில் கோத்துவிட்டார்கள். பம்புக்குள் இருக்கும் தகடுகளுக்கு மசகு வேண்டுமே, அதற்காக இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய பைப்பில் ஆயில் வரும். வேலை முடித்த ஆயிலும் உறிஞ்சிய காற்றும் ஒரு பருத்த ஹோஸ் வழியாகச் சம்ப்புக்கு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, திரும்பும். இந்தப் பக்கம் ஆயில், அந்தப் பக்கம் மின்சாரம். இடையில் ஷாஃப்டைச் சுற்றி ஒரே ஒரு ரப்பர் ஆயில் சீல்.

சரி, சீல் போயிருக்கிறது என்று புது சீல் போட்டேன். டையோடு பிளேட்டைக் கழுவி, பிரஷ் மாற்றி, ஸ்லிப் ரிங்கைப் பாலிஷ் செய்து, அதே நாலாவதையே திரும்ப மாட்டினேன். இந்த முறை எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. "மூணு வாரம் கழிச்சு வாங்க, திறந்து பார்த்துடலாம்" என்றேன். வந்தார். திறந்தேன். சீல் ஓரத்தில் எண்ணெய் ஈரம் மறுபடியும் பளபளத்தது.

ஆயில் சீல் என்பது தெறிக்கும் எண்ணெயைத் தடுக்கத்தான். அழுத்தத்தோடு வருவதை அதனால் தாங்க முடியாது. புது சீலே மூன்று வாரத்தில் கசிந்தால் பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது என்றுதான் அர்த்தம். அந்தப் பக்கம் அழுத்தம் இருக்கவே கூடாது. ஆயில் தானாக வடிந்து சம்ப்புக்குப் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் ஒன்று இன்ஜினுக்குள் காற்று அழுத்தம் ஏறி எதிர்த்துத் தள்ள வேண்டும், அல்லது வழி அடைத்திருக்க வேண்டும்.

முதலாவதைப் பார்ப்பது சுலபம். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயிலேயே தலைகீழாக வைத்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் மூடி தட்டாமாலை ஆடும். இது அசையவில்லை. இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பிரீதர் பைப்பும் சுத்தம்.

அடுத்தது ரிட்டர்ன் ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. கறுகறுவென்று, ஒரு வெடிப்பு இல்லை. கழற்றி வாயால் ஊதினேன். காற்று போனது. நல்லாத்தானே இருக்கிறது என்று திரும்ப மாட்டிவிட்டு அன்று மதியம் வரை வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் இன்னொன்று தோன்றியது. சூட்டில் பார்க்க வேண்டும். வண்டியைப் பெருந்துறை வரை ஓட்டி வந்து, ஐடிலிங்கில் விட்டு, ஹோஸின் சம்ப் முனையைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். புஸ் புஸ் என்று காற்றோடு ஆயில் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். ஒரு நிமிஷத்தில் ஏழெட்டுச் சொட்டுதான் விழுந்தது. பம்ப் பக்க முனையைத் தளர்த்தியதும் சூடான ஆயில் முழங்கை வரை அடித்தது. இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்றரை அடி ரப்பர்தான். அடைப்பு அதற்குள்தான் இருந்தாக வேண்டும்.

பிளேடை வைத்து நீளவாக்கில் கிழித்தேன். உள் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, வெளிச்சுவரை விட்டுப் பிரிந்திருந்தது. பாதி வழியில் ஒரு துண்டு கிழிந்து, உள்நாக்கு மாதிரி தொங்கியது. சம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் அது மடங்கி வழிவிடும். பம்ப் பக்கத்திலிருந்து ஆயில் வந்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். நான் காலையில் ஊதியது சம்ப் முனையிலிருந்து.

ஃபைலில் இருந்த ஒரு வரி

அவரிடம் ஃபைலைக் கேட்டேன். முதல் ஆல்டர்னேட்டர் போனதற்கு மூன்று மாதம் முன்பு, 2023 ஜனவரியில், இன்ஜின் இறக்கி ரிங் வேலை செய்திருக்கிறார்கள். மூடி ஆடாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். பில்லில் பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட், பேரிங் என்று பெரிய தொகைகளுக்கு நடுவில் கையால் எழுதிய ஒரு வரி: "ரப்பர் ஹோஸ் 1½ அடி, ரூ. 90".

இன்ஜினை இறக்கும்போது பழைய ஹோஸ் இறுகிப்போய்க் கழற்ற வந்திருக்காது. அறுத்துவிட்டு, ஸ்பேர் கடையில் சுருளாகத் தொங்கும் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீருக்கான இபிடிஎம் ரப்பர். தண்ணீரில் வருஷக்கணக்கில் நிற்கும், சூட்டையும் தாங்கும். எண்ணெய் பட்டால் மட்டும் ஊறி உப்பிவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. போட்டவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. 90 ரூபாய்க்கு அவசரத்துக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்.

ஆக, முதல் ஆல்டர்னேட்டர்கூட வயசாகிச் செத்திருக்காது என்பது என் கணிப்பு. ரீகண்டிஷன் செய்த இரண்டாவதுக்கு இன்னொரு கொடுமையும் நடந்திருக்கிறது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஆகஸ்டில் அந்தப் பட்டறையில் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருக்கிறார்கள். இதை இன்னும் பல இடங்களில் ஒரு சோதனை என்று நம்பிச் செய்கிறார்கள். பேட்டரிதான் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும் நங்கூரம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதை உருவினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். டையோடும் ரெகுலேட்டரும் அப்போதே போகலாம். மல்டிமீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலத்தில் இது தேவையே இல்லாத வேலை.

ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "அப்போ பிரேக்கு கல்லு மாதிரி இருந்ததும் இதனாலதானுங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திம்பம் இறங்கும்போது பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டினால் பெடல் இறுகுகிறதாம். ஒரு வருஷமாகவே இப்படித்தானாம். டைனமோ ரிப்பேருக்கு வந்த இடத்தில் பிரேக்கைப் பற்றிச் சொல்லணும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்கணும் என்று எனக்கும் தோன்றவில்லை. வெளியேற வழியில்லாமல் ஆயில் நிறைந்து நின்றால் பம்ப் எப்படிச் சரியாக உறிஞ்சும்? பூஸ்டர் லைனில் வேக்குவம் கேஜ் போட்டுப் பார்த்தேன், பாதரச அளவில் 450 மி.மீ.தான். இறக்கத்தில் அடுத்தடுத்து மிதித்தால் பூஸ்டரில் வேக்குவம் தீர்ந்துபோய், மறுபடி சேர நேரம் ஆகும். அத்தனை வளைவிலும் வெறும் கால் பலத்தில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

"ஆயில் ஏதாவது குறைஞ்சுதுங்களா?" என்று அப்போதுதான் கேட்டேன். மாதம் கால் லிட்டர் ஊற்றியிருக்கிறார். "பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கும்னு விட்டுட்டேன்." புகையும் இல்லை, தரையில் சொட்டும் இல்லை. ரிங் மாற்றிய இன்ஜின் எதற்கு ஆயில் குடிக்கணும்? ஆல்டர்னேட்டருக்குக் கீழே இருந்த தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேன் வீசியடித்த ஆயிலும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஜனவரியில் அந்தத் தட்டை நான் கழற்றியிருந்தால் போதும்.

மாட்டியதும் அதற்குப் பிறகும்

நூல் பின்னல் வைத்த நைட்ரைல் ஆயில் ஹோஸ், பம்ப் மூக்குக்குச் சரியான 12 மி.மீ. உள்விட்டம், இரண்டு புதுக் கிளாம்ப். எல்லாம் சேர்த்து 240 ரூபாய். பழைய ஹோஸ் போன வழியில் ஒரு மடிப்பு விழுந்தது. அதைத் தவிர்க்க இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, வளைவைப் பெரிதாக்கினேன். பம்பைத் திறந்து தகடுகளைப் பார்த்தேன், கீறல் இல்லை. சீலை மட்டும் இன்னொரு முறை மாற்றினேன். மறுபடி சூடாக்கிப் பாட்டில் சோதனை செய்ததில் ஆயில் விட்டு விட்டு நன்றாகப் பீய்ச்சியது. வேக்குவம் 650 மி.மீ. காட்டியது.

நாலாவது ஆல்டர்னேட்டர்தான் இன்றும் ஓடுகிறது. 2025 மார்ச்சில், சரியாக ஒரு வருஷம் கழித்து, என் திருப்திக்காகக் காசு வாங்காமல் திறந்தேன். ஸ்லிப் ரிங் செம்பு நிறத்தில் உலர்ந்து இருந்தது. மாட்டும்போது 12 மி.மீ. வெளியே நீட்டியிருந்த பிரஷ் 11 ஆகியிருந்தது. ஆயில் மட்டம், சர்வீசுக்கு சர்வீஸ் குச்சியில் அதே கோட்டில் நிற்கிறதாம்.

ஆம்ப்ளிஃபயரை மகன் திரும்ப மாட்டிவிட்டார். எல்லாவற்றையும் போட்டு கிளாம்ப் மீட்டரை வைத்தால் இப்போது 41 ஆம்பியர்.